துப்பாக்கி வாயில் செவ்வந்தி

இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்திலேயே பிரித்துச் சொல்லிவிடுவேன். ரிவால்வர் வெடித்தால் தகரக் கதவை ஓங்கி அறைந்த மாதிரி இருக்கும். அங்கேயே பிறந்து அங்கேயே முடிந்துபோகும். நீளமான லீவர் துப்பாக்கி அப்படியல்ல. அதன் சத்தம் மரங்களுக்கு மேலே ஓடி, எங்கேயோ முட்டி, ஒரு முனகலாகத் திரும்பி வரும். ரங்கூனில் என் வயசுப் பிள்ளைகள் கிராமபோன் தட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது நான் இந்த இரண்டு சத்தங்களை மனசுக்குள் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டும் என்னுடையவை அல்ல. அத்தானுடையவை, என் அக்காவின் புருஷனுடையவை. அத்தான் பசுந்தவுங் ஓடைக்கரையில் ஒரு மர மில்லில் மரம் அளக்கும் வேலையில் இருந்தார். வருஷத்தில் பாதி நாள் தேக்கு பார்க்க மேல் பர்மாக் காடுகளுக்குப் போய்விடுவார். காட்டு வழியில் தனியாகப் போகிறவர் என்பதால் சர்க்கார் லைசென்ஸ் கொடுத்திருந்தது. துணைக்கு வருகிற ஆள் என்று என் பெயரையும் அதில் ஏற்றி வைத்திருந்தார். துணைக்கென்று நான் ஒருநாளும் காட்டுக்குப் போனதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இன்சீனுக்குப் போனேன், அவ்வளவுதான்.

இன்சீனில் ரயில்வே பட்டறைகளைத் தாண்டி, செங்கல் சுட மண் தோண்டி விட்டுப் போன ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அந்த நிலம் ஒரு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்திய, இன்ஜின் டிரைவருடைய மாமனாருக்குச் சொந்தம். டிரைவருக்கும் துப்பாக்கிப் பைத்தியம். சின்ன வயசில் சென்னைப் பக்கம் வளர்ந்தவர், அதனால் தமிழ் வரும். வருகிற தமிழை அவர் இஷ்டத்துக்கு வளைப்பார். பள்ளத்தின் ஒரு முனையில் ஆள் உயரத்துக்கு மேல் மண்மேடு. அதன் அடியில் காலிப் பால் டப்பாக்களை வரிசையாக வைப்போம். மறு முனையில் நாங்கள். முதலில் ரிவால்வர், அப்புறம் தேநீர், அப்புறம்தான் நீளத் துப்பாக்கி. டிரைவர் வைத்த முறை அது. மாதா கோவிலில் பிரார்த்தனை வரிசை மாறினாலும் இது மாறாது.

ரிவால்வர் கைக்குள் உட்காரும் விதம் எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை. பின்னால் சுத்தியல் மாதிரி நிற்கும் குதிரையைக் கட்டை விரலால் இழுத்தால் உருளை ஒரு கண் நகர்ந்து, 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். அந்த ஒரு சின்னச் சத்தத்துக்காகவே தோட்டா இல்லாமல் எத்தனையோ மாலைகள் இழுத்து இழுத்து விட்டிருக்கிறேன். நீளத் துப்பாக்கியின் இன்பம் வேறு. விசைக்குக் கீழே வளையமாக ஒரு பிடி. அதை முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால், சுட்டுத் தீர்ந்த கூடு மேலே துள்ளி விழும், புதுத் தோட்டா உள்ளே ஏறும். தோளிலிருந்து இறக்கவே வேண்டாம். வேகமாகச் செய்யத் தெரிந்துவிட்டால் தறி ஓட்டுகிற மாதிரி ஒரு தாளம் வந்துவிடும். எனக்கு வேகம் வந்தது, குறி வரவில்லை. அத்தானுக்குக் குறி வந்தது, வேகம் வரவில்லை. டிரைவருக்கு இரண்டும் வந்தது, இடது கையில் இரண்டு விரல் இல்லாமலேயே.

அந்த விரல்களின் கதையை அவர் தேநீர் குடிக்கும்போதெல்லாம் சொல்வார், ஏதோ நல்ல செய்தி சொல்வதைப் போல. "வாத்து சுடப் போனேன், மேன். கால் வழுக்கிச்சு. துப்பாக்கி வாய் சேத்துல இப்படிக் குத்திச்சு. துடைச்சேன், வெளியில மட்டும் துடைச்சேன். சுட்டேன். குழல் வாழைப்பழம் மாதிரி உரிஞ்சு போச்சு. விரலைத் தேடினேன், வாத்து தின்னுடுச்சு போல." அத்தான் சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு என் இடது கையைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள், விஜயதசமியன்று, போட்டி என்று முடிவாயிற்று. முந்தின முறை டிரைவரிடம் தோற்ற அத்தானே அந்த நாளைப் பொறுக்கியெடுத்தார். "விஜயதசமி அன்னிக்கு என்னை ஜெயிச்சுக் காட்டச் சொல்லு பார்ப்போம்" என்று ஒரு வாரமாகச் சாப்பாட்டு நேரத்தில் இதே பேச்சு. நான் வேலை பார்த்த கப்பல் ஏஜெண்டு ஆபீசில் லீவு கேட்டேன். அன்றைக்கு மெயில் கப்பல் புறப்படுகிற நாள். "விஜயதசமி உனக்குய்யா, மெயில் துரைக்கு" என்று ஹெட்கிளார்க் காகிதத்தைப் பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். அதே மெயிலால் பூஜையன்று மாலையும் என்னால் நேரத்துக்கு வீடு திரும்ப முடியவில்லை. வந்தபோது தீபாராதனை முடிந்து, பூஜை அறைக் கதவைச் சாத்தியிருந்தார்கள். பூஜைக்கு வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது, எட்டிப் பார்க்கவும் அக்கா விட மாட்டாள்.

விஜயதசமியன்று மெயில் பைகள் கப்பலுக்குப் போகும் படகில் ஏறியதுமே ஆபீசிலிருந்து பறந்தேன். டிரைவருக்கு அன்று காலையில் ரயில் ஓட்டும் முறை இருந்ததால் போட்டி மதியத்துக்கு மேல்தான். அத்தான் இரண்டு துப்பாக்கியையும் உறையில் போட்டுக்கொண்டு முன்னாலேயே போயிருந்தார். வீட்டுக்குப் போய், சட்டையை மாற்றிக்கொண்டு, அடுத்த ரயிலைப் பிடித்தால் தேநீர் நேரத்துக்காவது போய்ச் சேரலாம். முகல் தெருவில் எங்கள் வீட்டு மாடிப்படியை இரண்டு இரண்டாகத் தாவி ஏறினேன்.

அக்கா பூஜை சாமான்களை எடுத்து ஒதுக்கிக்கொண்டிருந்தாள். அளவு நாடா, மரத்தில் முத்திரை அடிக்கும் சுத்தியல், என் காலேஜ் புத்தகங்கள், அரிவாள்மனை எல்லாம் சந்தனப் பொட்டோடு தரையில் கிடந்தன.

"வந்துட்டியா? சுண்டல் எடுத்து வச்சிருக்கேன், தின்னுட்டுப் போ."

"நேரமில்லக்கா. குடையை எடு."

"ஆபீசுக்குப் போறப்ப இந்த வேகத்தைக் காணோமே! போடா, அந்த டிரைவர் இன்னிக்குத் தோக்கத்தான் போறாரு. நேத்து பூஜையில துப்பாக்கி இருந்த அழகை நீ பாத்திருக்கணும். நீளத் துப்பாக்கியைச் சுவத்துல சாய்ச்சு வச்சு, வாயில பெரிசா ஒரு மஞ்சள் செவ்வந்தி."

"வாயிலயா?"

"நிக்கவே மாட்டேன்னுது. காம்பு ஒல்லி, ஓட்டை பெரிசு. அப்புறம் சந்தனத்தைத் திரி மாதிரி உருட்டி உள்ள விட்டு, ஊதுபத்திக் குச்சியால அழுத்தி, அதுல குத்தினேன். கிண்ணுனு நின்னுச்சு பாரு."

"எடுத்துட்டியா?"

"எடுக்காம? விடியக்காலமே எடுத்துட்டேன். வெளியில வழிஞ்சிருந்ததை எல்லாம் ஈரத்துணி வச்சுத் துடைச்சேன். உங்க அத்தானுக்குத்தான் ஒரு கறை ஆகாதே."

"அக்கா. உள்ள இருந்த சந்தனம்?"

"அது காஞ்சு போச்சு. காம்பும் உள்ளேயே ஒடிஞ்சு நின்னுடுச்சு, பூ மட்டும்தான் கையோட வந்தது." அவள் சிரித்தாள். "குண்டோட சேந்து வெளிய போயிடாதா?"

நான் அப்படியே நின்றதே தப்பாகிவிட்டது. அவள் சிரிப்பு மெல்ல நின்றது. கையிலிருந்த தாம்பாளத்தைக் கீழே வைத்தாள்.

"என்னடா? ஏன் இப்படி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

"அந்த டிரைவருக்கு விரல் போச்சுன்னீங்களே... அது சேறுதானே? சேறுன்னுதானே சொன்னீங்க?"

குடையைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினேன். மேலேயிருந்து அவள் என் பெயரைக் கூப்பிட்டது தெருமுனை வரை கேட்டது.

டிராமுக்குக் காத்திருக்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் நின்றுகொண்டிருந்தது. நின்றுகொண்டே இருந்தது. ஏறி உட்கார்ந்த பிறகுதான் மூளை வேலை செய்யத் தொடங்கியது. அது வேலை செய்யாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அத்தான் சுடுவதற்கு முன் குழலைப் பார்ப்பாரா? பார்ப்பார், கவனமான மனுஷன். பார்க்க மாட்டார், பூஜைக்கு முந்தின நாள்தான் தன் கையாலேயே எண்ணெய் போட்டுத் துடைத்தார். தன் கையால் துடைத்ததை எவன் மறுபடி பார்ப்பான்? அதிலும் லீவர் துப்பாக்கியைப் பின்பக்கமிருந்து பார்க்க முடியாது, பின்னால் இரும்புக் கட்டை மறைக்கும். பிடியைத் திறந்து, கட்டை விரல் நகத்தை உள்ளே வைத்து, அதில் பட்ட வெளிச்சம் குழலுக்குள் ஏறும்படி காட்டி, வாய்ப்பக்கமிருந்து கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். வெளியிலோ அக்கா ஒரு பொட்டுச் சந்தனம் இல்லாமல் துடைத்து வைத்திருக்கிறாள். பூஜையில் பூவைப் பார்த்திருப்பார், ஆனால் அதற்கு அடியில் சந்தனம் இருக்கும் என்று சந்தேகப்பட ஒரு காரணம்கூட இல்லை.

அப்புறம் கையைப் பற்றி நினைத்தேன். அத்தான் இடது கையைக் குழலுக்கு அடியில் நீட்டிப் பிடிப்பவர். முகத்தைக் கட்டையோடு ஒட்டிக்கொள்பவர். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு கண்ணைக் குழலின் மேல் வைப்பவர். மூடுகிற கண்ணைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

தந்தி அடிக்கலாமா என்று நினைத்தேன். யாருக்கு? இன்சீன் ஸ்டேஷன் மாஸ்டருக்கு, 'பள்ளத்தில் துப்பாக்கி வைத்திருப்பவரை நிறுத்தவும்' என்றா? ரயிலில் போகிற ஒரு இந்தியப் பையன் துப்பாக்கி என்ற சொல்லை உரக்கச் சொன்னாலே அடுத்த ஸ்டேஷனில் போலீஸ் ஏறுகிற காலம். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

ரயில் புறப்பட்டது. ஊர்ந்தது. ஒரு சிக்னலுக்கு வெளியே, வயலுக்கு நடுவில் மறுபடி நின்றது. ஜன்னலில் முழங்கையை வைத்து எட்டி எட்டிப் பார்த்தேன், என் எட்டலில் வண்டி நகர்ந்துவிடும் என்கிற மாதிரி. எதிரே கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த பர்மியக் கிழவி என் காலைப் பார்த்தாள். அது தன்பாட்டுக்குத் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது. "பியே பியே" என்றாள். மெல்ல மெல்ல என்று அர்த்தம். சுருட்டை வாயின் மறு ஓரத்துக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கொய்யாவை என் பக்கம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கடிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

இன்சீனில் இறங்கினதும் கேட்டது. தகரக் கதவை அறைந்த சத்தம். ரிவால்வர்.

பிளாட்பாரத்தில் நின்று இன்னொன்றுக்குக் காத்திருந்தேன். மறுபடியும் தகரக் கதவு. அப்பாடா என்றிருந்தது. இன்னும் ரிவால்வர்தான். டிரைவர் வைத்த முறை வாழ்க! பட்டறை மதில் ஓரமாக ஓடினேன். ஒவ்வொரு வெடியும் எனக்கு நல்ல செய்தி. சுடுங்கள், இன்னும் சுடுங்கள், தோட்டா தீரும் வரை சுடுங்கள் என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். பட்டறையிலிருந்து தேநீர் குடிக்க வந்த ஆட்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஒருத்தன், "என்ன தம்பி, பொண்ணு வீட்டுக்காரங்க துரத்துறாங்களா?" என்று கேட்டான். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தது முதுகில் பட்டது.

பள்ளத்துக்கு முன்னாலிருக்கும் குளத்தைத் தாண்டும்போது சத்தம் நின்றுவிட்டது.

அதுவரை சத்தத்துக்குப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது சத்தம் இல்லாததற்குப் பயந்தேன். தேநீர் குடிக்கிறார்கள். பிளாஸ்க்கில் எவ்வளவு தேநீர் இருக்கும்? டிரைவர் விரல் கதையைச் சொல்வாரா? சொன்னால் கொஞ்சம் நேரம் ஆகும், சொல்லட்டும். போட்டி நாளில் கதை சொல்வாரா? அத்தான் உறையை அவிழ்க்கிறார். தோட்டா ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் நுழைக்கிறார். எனக்கு அந்த விரல்களின் ஒவ்வொரு அசைவும் தெரியும்.

வழக்கமான பாதை பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு சுடுகிறவர்களின் முதுகுப் பக்கம் போய்ச் சேரும். அது சுற்று வழி. குளக்கரையிலிருந்து நேராகப் போனால் சீக்கிரம். ஆனால் அந்த வழி மண்மேட்டின் பின்னால் கொண்டுபோய் விடும். அதாவது டப்பாக்களுக்குப் பின்னால். குண்டு வருகிற திசைக்கு எதிரே. அந்தப் பக்கம் நாங்கள் யாரும் கால் வைத்ததில்லை.

யோசித்ததாக ஞாபகம் இல்லை. கால் நேர்வழியில் போய்விட்டது.

மேட்டின் அடிவாரத்தில் நின்று கத்தினேன். "அத்தான்! சுடாதீங்க! அத்தான்!" மண் என் குரலைத் தின்றுவிட்டது. அந்தப் பக்கம் டிரைவரின் சிரிப்பு மெல்லியதாகக் கேட்டது. அப்புறம் எனக்கு ரொம்பப் பிடித்த அந்தச் சத்தம், பிடி முன்னே போய்ப் பின்னே வருகிற இரும்புச் சத்தம். தோட்டா ஏறிவிட்டது.

நான்கு காலால் ஏறினேன். மண் சரிந்தது, மறுபடி ஏறினேன். உச்சிக்குக் கொஞ்சம் கீழே, தலையைத் தூக்கத் தைரியம் வரவில்லை. தூக்காமலும் முடியாது. கையில் குடை இருந்தது. அதை விரித்து, மேட்டுக்கு மேலே நீட்டி, அசை அசையென்று அசைத்தேன்.

"ஹோல்டான்!" டிரைவரின் குரல் பள்ளம் முழுக்க அதிர்ந்தது. "சுடாதே மேன்! யாரோ குடை பிடிச்சுட்டு வரான்!"

தலையைத் தூக்கினேன். அத்தான் துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். இறங்குகிற வழியில் அதன் வாய் ஒரு நொடி என்னைப் பார்த்தது. வட்டமான கறுப்பு. அது எல்லா நாளும் கறுப்பாகத்தான் இருக்கும், அடைபட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும்.

"குழல் அடைச்சிருக்கு அத்தான்! உள்ள சந்தனம்! சந்தனம் இருக்கு!"

அத்தானுக்கு அது காதில் விழுந்ததோ இல்லையோ. துப்பாக்கியை டிரைவர் கையில் கொடுத்துவிட்டுப் பள்ளத்தைக் கடந்து வந்தார். நான் சரிந்து இறங்கி நின்றதும் என் சட்டையின் மார்புப் பக்கத்தைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. பிடித்த பிடியை விடவும் இல்லை.

"விசையில விரல் வச்சுட்டேன் மாப்ளே. வச்சுட்டேன். இன்னும் ஒரு மூச்சு விட்டிருந்தா... முன்னால வந்து நிக்கிறியே! உன் அக்காகிட்ட நான் என்னன்னு போய்ச் சொல்றது?"

"அக்காதான் அத்தான் சொன்னா. பூ வச்சாளாம். நிக்கலைன்னு சந்தனம் வச்சு அடைச்சாளாம்."

அவர் சட்டையை விட்டார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் அடுத்தவரைப் பற்றியே அவ்வளவு நேரம் பயந்துகொண்டிருந்ததால் தன்னைப் பற்றிப் பயப்பட இரண்டு பேருக்குமே கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

டிரைவர் அதற்குள் தோட்டாக்களைக் கழற்றிவிட்டிருந்தார். பிடியைத் திறந்து, நகத்தை வைத்து, வாய்ப்பக்கம் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வழக்கமாக வரும் கிண்டல் வரவில்லை.

"ராத்திரி மாதிரி இருக்கு மேன், உள்ளே" என்றார்.

கம்பியைப் போட்டுத் தள்ளினால் இன்னும் உள்ளே போய் இறுகும் என்று அவர் விடவில்லை. பிளாஸ்க்கில் மிச்சமிருந்த சூடான தேநீரைக் குழலின் வாயில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். ஊறட்டும் என்று மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு, ஒரு கம்பி முனையைக் கொக்கியாக வளைத்துத் தோண்டினார். முதலில் மஞ்சள் பால் மாதிரி வழிந்தது. அப்புறம் கட்டி கட்டியாக வந்தது. கடைசியில் அந்தக் காம்பு, என் சுண்டு விரல் நீளம், பச்சை மாறாமல் வந்தது. துப்பாக்கியிலிருந்து சந்தன வாசனையும் தேயிலை வாசனையும் சேர்ந்து அடித்தன.

"மிஸ்டர், உன் வைஃப் கெட்டிக்காரி" என்றார் டிரைவர், காம்பை வெளிச்சத்தில் பிடித்து. "நான் சேறு வச்சேன். அவ வாசனையா வச்சிருக்கா." சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை.

அத்தான் ஒரு செங்கல் குவியலில் உட்கார்ந்து தன் இடது கையை விரித்து மூடினார். விரித்து மூடினார்.

"வெடிச்சிருக்குமா?" என்று கேட்டேன்.

"வெடிக்கலாம். வீங்கலாம். ஒண்ணுமே ஆகாம போகலாம்" என்றார் டிரைவர். "எனக்கு முன்னால எத்தனையோ பேர் சேத்தோட சுட்டிருப்பான், தெரியாமலே வீட்டுக்குப் போயிருப்பான். எனக்குத் தெரிஞ்சுது."

துடைத்து, காய வைத்து, குழல் பளபளவென்று ஆன பிறகும் அதைத் தோளில் வைக்க மூன்று பேருக்கும் மனசு வரவில்லை. டிரைவர்தான் ஒரு வழி சொன்னார். துப்பாக்கியைச் செங்கற்களுக்கு நடுவில் மேட்டைப் பார்க்கக் கிடத்தி, மேலே கற்களை அடுக்கி, விசையில் என் பூட்ஸ் கயிற்றையும் அத்தானின் பூட்ஸ் கயிற்றையும் முடிந்து, பழைய சூளைச் சுவருக்குப் பின்னால் மூன்று பேரும் குந்தினோம். கயிற்றை யார் இழுப்பது? ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். ஒரு வாரமாக நான் ஏங்கிக் காத்திருந்த துப்பாக்கி அது. "இழு மாப்ளே" என்றார் அத்தான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இழுத்தேன்.

சத்தம் மரங்களுக்கு மேலே ஓடிப் போய்த் திரும்பி வந்தது. முனகலில் ஒரு மாற்றமும் இல்லை. போய்ப் பார்த்தோம். குழல் நேராக, முழுசாக, ஒன்றுமே நடக்காத மாதிரி கிடந்தது.

போட்டியை யாரும் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை.

ரயிலுக்காக ஸ்டேஷனுக்கு வந்தபோது ரங்கூன் பக்கமிருந்து ஒரு வண்டி வந்து நின்றது. அதிலிருந்து அக்கா இறங்கினாள். கடைத்தெருவுக்குக்கூடத் தனியாகப் போய்ப் பழக்கமில்லாதவள். தலை கலைந்திருந்தது, காலில் செருப்பில்லை. இறங்கியவள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பிளாட்பாரத்தில் நின்று சுற்றிப் பார்த்தாள். எங்களைப் பார்த்ததும் ஓடி வரவில்லை. நடந்துதான் வந்தாள், அந்தக் கொஞ்ச தூரத்துக்குள் கண்ணாலேயே அத்தானை மேலிருந்து கீழாக எண்ணி முடித்திருப்பாள்.

"கையைக் காட்டுங்க."

"இங்க எப்படி வந்தே நீ? யார் கூட வந்தே?"

"கையைக் காட்டுங்கன்னேன்."

பத்துப் பேர் பார்க்க, அத்தான் இரண்டு கைகளையும் நீட்டினார், பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுகிற பிள்ளை மாதிரி. அவள் புரட்டிப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். கண்ணுக்கு நேராகத் தன் விரலை ஆட்டினாள், தெரிகிறதா என்று.

"ஒண்ணும் ஆகல. உன் தம்பி வந்துட்டான். விடு" என்றார் அத்தான்.

"விடறதா? துப்பாக்கி வாயில எதையும் வைக்கக் கூடாதுன்னு எனக்கு ஏன் சொல்லல?" குரல் உடைந்தது, ஆனால் அழவில்லை. "மூணு வேளையும் சோத்துல கை வச்சுக்கிட்டே ரெண்டு பேரும் அதையே பேசறீங்க. எந்தத் தோட்டா, எத்தனை தூரம், அமெரிக்காவுல எவன் செஞ்சான். ஒரு நாளாவது எனக்குச் சொன்னீங்களா? நான் என்ன, அந்த வீட்டுல இல்லையா? அது கிடக்கிற பொட்டி மேலதானே நான் துணி மடிச்சு வைக்கிறேன்!"

அத்தான் துப்பாக்கி உறையை இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொண்டார். நான் தலை குனிந்துகொண்டேன். குறி எப்படிப் பார்ப்பது, விசையை இழுக்காமல் அமுக்குவது எப்படி, காற்று அடித்தால் என்ன செய்வது என்று எத்தனையோ பேசியிருக்கிறோம். எல்லாம் எங்களுக்குள். சோறு போட்டுக்கொண்டு நின்றவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. நாங்கள் கேட்க விட்டதும் இல்லை.

திரும்பும் வண்டியில் உறையிலிருந்த நீளத் துப்பாக்கியை அத்தான் முழங்காலுக்கு நடுவில் நிறுத்தியிருந்தார். அக்கா அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். கம்மாயுட் ஸ்டேஷனைத் தாண்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "உள்ள ஏதாவது இருக்கான்னு எப்படிப் பாக்கிறது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் புறப்பட உறையைக் கட்டிக்கொண்டிருந்தோம். உண்மையைச் சொன்னால் எனக்குப் போக அவ்வளவு ஆசையில்லை. ஆசையில்லாமல் போய்விடுமோ என்ற பயம்தான் அதிகம். ராத்திரியெல்லாம் அந்தக் கறுப்பு வட்டம் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. இரும்புச் சத்தத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் அதற்கு முன்னால் குடை வந்துவிடுகிறது.

அக்கா சமையலறையிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "இங்க கொடுங்க" என்றாள். அத்தான் என்னைப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, அவர் சொல்லிக் கொடுத்தபடி பிடியைத் திறந்து, தோட்டா இல்லை என்று விரலை விட்டுத் தடவிப் பார்த்து, கட்டை விரல் நகத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, குழலின் வாயில் கண்ணை வைத்தாள்.

"என்ன தெரியுது?" என்றார் அத்தான்.

"வட்டமா வெளிச்சம். சுத்திச் சுத்திக் கோடு போகுது."

"அதுதான். சரியா இருக்கு. கொடு, நேரமாச்சு."

அவள் கொடுக்கவில்லை. கண்ணை எடுத்தாள், புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டாள், மறுபடி வைத்தாள். தெருவில் டிராம் மணி அடித்துக்கொண்டு போயிற்று. அத்தான் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த உறையைக் கீழே வைத்தேன்.

"இருங்க" என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமலே. "இன்னொரு தடவை பாத்துக்கறேன்."

முதல் ரயில் அன்றைக்கு எங்களுக்குக் கிடைக்கவில்லை.